நெகட்டிவ் இருந்தால் முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள்

பழைய படங்களையும் ஃபிலிம்களையும் ஸ்கேன் செய்வது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி, “எந்த ஸ்கேனர் வாங்கலாம்?” என்றே தொடங்குகின்றன. அண்ணா சாலையை ஒட்டிய ஒரு கலர் லேபில் பிரிண்டராக வேலை பார்த்தவன் நான். லேப்கள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு இதே படங்களை ஸ்கேனரில் வைத்துப் பார்க்கும் வேலைக்கு வந்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

“அப்பா அக்ஃபா கிளிக் த்ரீ கேமராவில் எடுத்த படங்களும், பின்னால் அண்ணன் யாஷிகாவில் எடுத்த படங்களும் ஒரு பிஸ்கட் டின்னில் கலந்து கிடக்கின்றன. நெகட்டிவ் பாதி, போட்டோ பாதி. என் மகன் 4800 டிபிஐ என்று போட்டிருக்கும் ஒல்லியான ஸ்கேனர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். வாங்கலாமா ஐயா?” - மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு வாசகி

இன்னும் வாங்கவில்லை அல்லவா, நல்லது. முதலில் அந்த டின்னை ஒரு வெள்ளை வேட்டியின் மேல் கொட்டி, மூன்றாகப் பிரியுங்கள் அம்மா. போட்டோக்கள் ஒரு பக்கம். சினிமா ஃபிலிம் போல இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட நெகட்டிவ் துண்டுகள் இன்னொரு பக்கம். அவை 35 மிமீ, அண்ணனுடையவை. ஓட்டையே இல்லாமல், ஆறு சென்டிமீட்டர் அகலத்தில் சதுரம் சதுரமாக இருப்பவை அப்பாவுடையவை. கிளிக் த்ரீ 120 ரோலில் பன்னிரண்டு படம் எடுக்கும் கேமரா. அந்தச் சதுரங்கள்தான் உங்கள் டின்னில் இருக்கும் பெரிய சொத்து.

ஏன் என்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் 120 ரோலைக் கழுவக் கொடுத்தால், நெகட்டிவை அப்படியே பேப்பர் மேல் வைத்து அதே அளவில் ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுப்பார்கள். வெள்ளை பார்டர் போட்ட குட்டிப் படங்கள் உங்கள் ஆல்பத்தில் இருக்குமே, அவைதான். பெரிதாக்கக் காசு அதிகம் என்பதால் பலர் அதோடு விட்டுவிட்டார்கள். ஆனால் நெகட்டிவ் பிடித்து வைத்திருக்கும் வெளிச்சமும் நிழலும் அந்தப் பேப்பரில் முழுதாக இறங்கவே இறங்காது. பிரிண்டில் வெறும் வெள்ளையாகத் தெரியும் வானத்தில் மேகம் இருக்கும், கறுப்பாக அடைத்துப்போன திண்ணையில் ஆள் உட்கார்ந்திருப்பார். இருட்டறையில் கையை ஆட்டி மறைத்து மறைத்து வெளிச்சம் கொடுத்து அதை வெளியே கொண்டுவருவதுதான் எங்கள் வேலையாக இருந்தது. நெகட்டிவை ஸ்கேன் செய்தால் அதை இப்போது நீங்களே வீட்டில் செய்யலாம்.

இனி மகன் பார்த்த ஸ்கேனருக்கு வருவோம். கேனான் லைடு 300, 400, எப்சன் வி39 போன்ற ஒல்லி ஸ்கேனர்கள் போட்டோவுக்கும் காகிதத்துக்கும் ஆனவை. விளக்கு கீழே இருக்கும். படத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் பதிவு செய்யும். நெகட்டிவுக்கு வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஊடுருவி வர வேண்டும். அதற்கு ஸ்கேனரின் மூடியிலும் ஒரு விளக்கு வேண்டும். அது இல்லாத ஸ்கேனரில் நெகட்டிவை வைத்தால் கறுப்புப் பட்டைதான் வரும், 4800 டிபிஐ இருந்தாலும் சரி, 9600 இருந்தாலும் சரி. டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்ற கணக்கு.

மூடியில் விளக்கு உள்ளவற்றில் வீட்டுக்கு ஏற்றது எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600. அதனுடன் 35 மிமீ, 120 இரண்டையும் மாட்டும் சட்டங்கள் வரும். பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8100, 8200i என்று ஃபிலிமுக்கென்றே கருவிகள் உண்டு. தரம் நல்ல தரம், ஆனால் 35 மிமீ மட்டும்தான் உள்ளே போகும். அப்பாவின் சதுரங்கள் வெளியிலேயே நிற்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண் பற்றி ஒரு வார்த்தை. வி600 பெட்டியில் 6400 டிபிஐ என்று இருக்கும். மெல்லிய கோடுகள் அச்சிட்ட சோதனைத் தகட்டை வைத்து அளந்து பார்த்தால் உண்மையில் அது பிரித்துக் காட்டுவது 1500 சொச்சம்தான். விலை பல மடங்கான வி850-க்கும் பெட்டியில் 6400 தான், உண்மையில் 2300 வாக்கில். 7200 என்று சொல்லும் பிளஸ்டெக் 3000-ஐத் தாண்டும்.

1500 போதுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 35 மிமீ நெகட்டிவில் ஒரு படம் 36-க்கு 24 மில்லிமீட்டர். 1500 டிபிஐ என்றால் கிட்டத்தட்ட 2100-க்கு 1400 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 7-க்கு 5 அங்குலப் படம் நன்றாக வரும், அதற்கு மேல் இழுத்தால் சொரசொரக்கும். அப்பாவின் நெகட்டிவ் 56 மில்லிமீட்டர் சதுரம். அதே 1500-ல் 3300-க்கு 3300 புள்ளிகள். 11 அங்குலச் சதுரமாக அச்சிட்டுச் சுவரில் மாட்டலாம். ஆக, உங்கள் வீட்டுக்கு வி600 பொருந்தும். அண்ணன் எடுத்தவற்றில் ரொம்பப் பிடித்த சிலவற்றைப் பெரிதாக்க ஆசை வந்தால், அவற்றை மட்டும் ஃபிலிம் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் கொடுத்து வாங்குங்கள்.

ஃபிலிமுக்கு 2400 டிபிஐ என்று வைத்துக்கொள்ளுங்கள், அது தாராளம். மகன் 6400-ல் வைத்தால் ஒரு 35 மிமீ படத்துக்கே 165 எம்பி போகும், கூடுதலாக ஒரு தலைமுடிகூடத் தெரியாது. போட்டோவுக்கு 600 டிபிஐ. பாஸ்போர்ட் சைஸ் போலச் சின்னதாக இருந்தால் 1200 போகலாம், அதற்கு மேல் பேப்பரில் எடுக்க ஒன்றும் இல்லை.

சட்டத்தில் மாட்டும்போது ஃபிலிமின் பளபளப்பான பக்கம் கீழே, கண்ணாடியைப் பார்த்து இருக்க வேண்டும். எது பளபளப்பு என்று குழப்பமாக இருந்தால் ஓரத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள். எழுத்து நேராகப் படிக்க வந்தால் உங்களைப் பார்த்திருப்பது பளபளப்பான பக்கம். அதைத் திருப்பிக் கவிழ்த்து மாட்டுங்கள். சுருண்டுகொள்ளும் ஃபிலிமை வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு வாரம் விட்டால் படியும்.

“ஒரே விலையில் இரண்டு ஸ்கேனர். ஒன்று சிசிடி, ஒன்று சிஐஎஸ் என்கிறார்கள். எதை வாங்குவது?” - அம்பத்தூர் வாசகர்

இரண்டும் ஸ்கேனருக்குள் படத்தைப் பதியும் உணரியின் வகைகள். பழைய படம் என்றால் சிசிடி. அதற்குள் ஒரு லென்ஸ் இருக்கிறது, கண்ணாடியிலிருந்து சற்று உயர்ந்திருக்கும் படமும் தெளிவாக விழும். சிஐஎஸ்ஸில் உணரிப் பட்டை கண்ணாடிக்கு ஒட்டினாற்போல ஓடும். படம் ஓரிரு மில்லிமீட்டர் தூக்கி நின்றாலே மங்கும். அட்டையில் ஒட்டிய கல்யாண குரூப் போட்டோ, வளைந்துபோன ஸ்டுடியோ படம், ஆல்பத்தை விட்டுப் பிரியாத படம் எதுவுமே கண்ணாடியில் தட்டையாகப் படியாது.

ரிச்சி தெருவில் வாங்கினாலும் பெரிய கடையில் வாங்கினாலும் ஒரு சோதனை செய்து பாருங்கள் தம்பி. சின்ன எழுத்து அச்சடித்த ஒரு விசிட்டிங் கார்டை எடுத்துக்கொண்டு போங்கள். கார்டின் ஒரு ஓரத்துக்கு அடியில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து, சாய்வாக ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். நாணயம் இருக்கும் பக்கத்து எழுத்து படிக்க வந்தால் உங்கள் வீட்டுப் படங்களுக்கு அது உதவும். ஏற்கெனவே உங்களிடம் சிஐஎஸ் ஸ்கேனர் இருந்து, படங்களும் தட்டையான போஸ்ட்கார்டு சைஸ் பிரிண்டுகளாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கத் தேவையில்லை.

“தொண்ணூறுகளில் எடுத்த கலர் போட்டோக்களை ஸ்கேன் செய்தால் படம் முழுக்க வெள்ளைப் புள்ளி விழுகிறது. ஸ்கேனர் கெட்டுவிட்டதா?” - பல்லாவரம் வாசகர்

ஸ்கேனரில் கோளாறு இல்லை. உங்கள் படம் சில்க் பேப்பரில் போட்டது. ஜன்னலருகே சாய்த்துப் பிடித்தால் தேன்கூடு போலச் சின்னச் சின்ன மேடுகள் தெரியும். கைரேகை படாது என்பதால் வாடிக்கையாளர்கள் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள், நாங்களும் ரோல் ரோலாக ஓட்டினோம். ஸ்கேனர் விளக்கு ஒரே பக்கத்திலிருந்து அடிப்பதால் ஒவ்வொரு மேட்டின் முனையும் மின்னுகிறது.

அந்தப் படத்தின் நெகட்டிவ் கிடைத்தால் பிரிண்டை விட்டுவிட்டு அதை ஸ்கேன் செய்யுங்கள், பிரச்சினையே இல்லை. நெகட்டிவ் இல்லையென்றால் ஒரு முறை ஸ்கேன் செய்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு முறை செய்யுங்கள். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் இரண்டாவதை நேராக்கி, முதல் படத்தின் மேல் சரியாகப் பொருத்தி, 50 சதவீதம் தெரியும்படி வையுங்கள். ஒன்றில் மின்னும் இடம் மற்றதில் மின்னாது, புள்ளிகள் பாதிக்கு மேல் அடங்கிவிடும். நேரம் பிடிக்கும் வேலை, முக்கியமான படங்களுக்கு மட்டும் செய்தால் போதும்.

“ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்த என் மாமனார் கலர் ஸ்லைடு நிறைய எடுத்திருக்கிறார். சிலந்தி வலை போல ஏதோ படர்ந்திருக்கிறது. தண்ணீரில் கழுவலாமா? தூசியைத் தானாக நீக்கும் ஸ்கேனர் இதையும் நீக்குமா?” - பெரம்பூர் வாசகி

தண்ணீர் கூடவே கூடாது. அது பூஞ்சை. ஃபிலிமின் மேல் பூசியிருக்கும் ஜெலட்டின் அதற்குச் சாப்பாடு. நம் ஊர் ஈரக்காற்றில் பீரோவுக்குள்ளேயே வளரும். பூஞ்சை தின்ற இடத்தில் ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்திருக்கும். கழுவினால் பூஞ்சையோடு படமும் போய்விடும். ரப்பர் பந்தை அமுக்கிக் காற்று ஊதும் ப்ளோயரால் தூசியை மட்டும் ஊதிவிட்டு, மற்றதைத் தொடாமல் ஸ்கேன் செய்யுங்கள்.

தானாகத் தூசி நீக்கும் அந்த வசதிக்கு டிஜிட்டல் ஐஸ் என்று பெயர். வி600-லும் உண்டு, பிளஸ்டெக்கில் 8200i மாடலில் அதே வேலையைச் செய்யும் ஏற்பாடு உண்டு, 8100-ல் இல்லை. வேலை செய்யும் விதம் எளிது. சாதாரண வெளிச்சத்தோடு அகச்சிவப்புக் கதிரையும் ஃபிலிம் வழியே அனுப்பும். பெரும்பாலான கலர் ஃபிலிமில் உள்ள சாயம் அகச்சிவப்பை மறைக்காது, தூசியும் கீறலும் மறைக்கும். மறைந்த இடம் எது என்று தெரிந்ததும் அதை மட்டும் சுற்றியுள்ள நிறத்தால் நிரப்பிவிடும். உங்கள் கலர் ஸ்லைடுகளில் மெல்லிய வலையாக இருப்பதை ஓரளவு எடுத்துவிடும். பூஞ்சை ஆழமாகத் தின்று சாயமே போன இடத்தில் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

கறுப்பு வெள்ளை நெகட்டிவ் வைத்திருக்கும் எல்லோரும் இதைக் கவனியுங்கள். அதில் படமே வெள்ளித் துகளால் ஆனது, வெள்ளி அகச்சிவப்பை மறைக்கும். டிஜிட்டல் ஐஸ் வசதியைப் போட்டால் முகத்தையே கீறல் என்று எண்ணி நிரப்பப் பார்க்கும். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் இந்து ஃபிலிமோ, கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஆர்வோவோ, கறுப்பு வெள்ளை என்றால் அந்த வசதியை அணைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தூசியைப் பிறகு கம்ப்யூட்டரில் கையால் எடுங்கள்.

“2015 வெள்ளத்தில் நனைந்த ஆல்பம். காய்ந்தபின் போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. சாமி அறையில் மாட்டியிருந்த தாத்தா படம் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. எப்படிப் பிரிப்பது?” - முடிச்சூர் வாசகர்

தாத்தா படத்தைப் பிரிக்க வேண்டாம். ஈரம் பட்ட ஜெலட்டின் கண்ணாடியில் கோந்து போலப் பிடித்திருக்கிறது, இழுத்தால் முகம் கண்ணாடியோடு வரும், பேப்பர் உங்கள் கையில் வரும். ஃபிரேமின் பின்பக்கத்து அட்டையை மட்டும் மெதுவாகக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, கண்ணாடியோடு சேர்த்தே படம் பிடியுங்கள். சிசிடி ஸ்கேனரில் வைக்கலாம். இன்னும் நல்ல வழி கேமரா. படத்தைத் தரையில் வைத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான இரண்டு விளக்கு, ஒவ்வொன்றும் 45 டிகிரி சாய்வில். கேமராவை நேர் மேலே ஸ்டாண்டில் மாட்டி, அறையின் மற்ற விளக்கை எல்லாம் அணையுங்கள். லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விட்ட கறுப்புத் துணியைக் கேமராவுக்கு முன்னால் தொங்கவிட்டால் கண்ணாடியில் உங்கள் உருவமும் விழாது.

ஆல்பம் விஷயம் கடினம். நனைந்த அன்றே சுத்தமான குளிர்ந்த நீரில் போட்டுப் பிரித்திருந்தால் பெரும்பாலும் தப்பியிருக்கும். இத்தனை வருடம் கழித்து ஒட்டியவை பிரியும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. வெளியே தெரியும் படங்களை முதலில் அப்படியே படம் பிடித்து வைத்துவிடுங்கள். அப்புறம், போனாலும் பரவாயில்லை என்ற ஒரு ஜோடி கலர் லேப் பிரிண்டை மட்டும் குளிர்ந்த நீரில் ஊற வைத்துப் பாருங்கள். தானாக நழுவினால் சரி. நகத்தால் கிளற வேண்டியிருந்தால் நிறுத்திவிடுங்கள். வீட்டுப் பிரிண்டரில் எடுத்த இங்க்ஜெட் படத்தை நீரில் போடவே கூடாது, நிறம் கரைந்துவிடும். அதோடு, உறவினர் வீடுகளில் கேளுங்கள். கல்யாண போட்டோக்களை இரண்டு மூன்று பிரதி போட்டுப் பங்காளி வீடுகளுக்குக் கொடுப்பது அந்நாள் வழக்கம். உங்கள் வீட்டில் போனது மதுரையில் ஒரு சித்தப்பா வீட்டில் பத்திரமாக இருக்கலாம்.

“நானே செய்ய நேரமில்லை. கடையில் கொடுத்தால் ஸ்கேன் செய்து, ஏஐ மூலம் புதிது போல ஆக்கித் தருகிறோம் என்கிறார்கள். கொடுக்கலாமா?” - திருவல்லிக்கேணி வாசகர்

ஸ்கேன் செய்யக் கொடுக்கலாம். புதிதாக்கக் கொடுக்காதீர்கள்.

சென்ற வருடம் ஒருவர் தன் பாட்டியின் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு கடையில் அப்படிப் புதிதாக்கியது. சருமம் வழவழவென்று, கண்ணில் பளிச்சென்று ஒரு வெளிச்சப் புள்ளி. மூலப் படத்தைக் கேட்டு வாங்கி, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அந்த அம்மாளின் கன்னம் முழுக்க அம்மைத் தழும்பு. மூக்கில் ஒரு பக்கம் கல் பதித்த பேசரி, மறுபக்கம் ஒற்றைக்கல் மூக்குத்தி. புதிய படத்தில் தழும்பு ஒன்றுகூட இல்லை. பேசரி வெறும் நிழலாகிவிட்டது, ஒற்றைக்கல் காணவே காணோம். காது தோட்டின் வடிவம் மாறியிருந்தது. அது அந்த அம்மாளுடைய முகம் இல்லை. இலட்சக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகிய ஒரு மென்பொருள், இப்படி இருந்திருக்கலாம் என்று வரைந்த முகம். பேரன் அதைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார், அவர் பிள்ளைகளுக்கு இனி அதுதான் கொள்ளுப்பாட்டி. எனக்கு மனசு கேட்கவில்லை. மூலத்தை மறுபடி ஸ்கேன் செய்து, மங்கலை மட்டும் சரி செய்து கொடுத்தேன்.

ஆகவே கடையில் தெளிவாகச் சொல்லுங்கள்: எதையும் அழகுபடுத்த வேண்டாம், ஓரத்தை வெட்ட வேண்டாம், தானாக நிறம் திருத்துவதையும் அணைத்துவிடுங்கள். போட்டோ 600 டிபிஐ, ஃபிலிம் 2400. ஃபைல் தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் வடிவில் வேண்டும், வாட்ஸ்அப்பில் அனுப்ப ஜேபெக் தனியாக. எந்தக் கருவியில் ஃபிலிம் ஸ்கேன் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கினாலோ, உள்ளங்கை அளவு திரை வைத்த, பட்டனை அமுக்கினால் நொடியில் முடிக்கும் மலிவு டப்பாவைக் காட்டினாலோ வேறு கடை பாருங்கள். அந்த டப்பாவுக்குள் இருப்பது செல்போனில் உள்ளது போன்ற ஒரு சின்ன கேமரா. பிடித்த படத்தை ஊதிப் பெரிதாக்கி 22 மெகாபிக்சல் என்று கணக்குக் காட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிக் கொடுக்க வேண்டாம். முதலில் ஒரு கவர் மட்டும் கொடுத்து வாங்கிப் பாருங்கள். கொடுக்கும் முன் ஒவ்வொரு கவரையும் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்போது சரிபார்க்க உதவும்.

“செல்போனிலேயே எடுத்தால் போதாதா?” - தாம்பரம் மாணவி

வாட்ஸ்அப்பில் பகிரவும், யார் யார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதவும் தாராளமாகப் போதும். கூகுள் போட்டோஸ்கேன் செயலி ஒரே படத்தைப் பல கோணத்தில் எடுத்துச் சேர்த்து, மினுக்கலை நீக்கித் தரும். உண்மையில் எல்லோருமே அதிலிருந்து தொடங்கலாம். பாட்டி இருக்கும்போதே படத்தை எடுத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைக் கேளுங்கள். ஸ்கேனர் அடுத்த வருடமும் கிடைக்கும். நெகட்டிவுக்கும், அச்சிட வேண்டிய படத்துக்கும் மட்டும் செல்போனை நம்ப வேண்டாம்.

“தாத்தா கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். கண்ணாடி நெகட்டிவ்கள் இரண்டு மரப்பெட்டி நிறைய இருக்கின்றன. வெள்ளி எடுக்கக் கேட்டு ஒருவர் வந்தார். ஸ்கேன் செய்ய வழி உண்டா?” - அடையாறு வாசகர்

வெள்ளிக்குக் கொடுத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் கண்ணாடித் தகடுகள் எவ்வளவோ அப்படித்தான் சுரண்டப்பட்டு அழிந்தன. கிடைக்கும் வெள்ளி அற்பம், ஒரு ஊரின் இரண்டு தலைமுறை முகங்கள் போய்விடும்.

ஃபுல் பிளேட் என்று சொல்லும் பெரிய கண்ணாடித் தகடு எட்டரைக்கு ஆறரை அங்குலம். வி600 மூடியின் விளக்கு ஏழு சென்டிமீட்டர்கூட அகலம் இல்லாத ஒரு பட்டைதான், தகடு அடங்காது. வி850 10-க்கு 8 அங்குலம் வரை எடுக்கும், உங்களுக்கு அது வேண்டும். அல்லது எல்இடி லைட் பேட் ஒன்றின் மேல் தகட்டை வைத்து, மேலிருந்து நல்ல கேமராவால் எடுக்கலாம். மிக அருகிலிருந்து எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் இருந்தால் தரம் ஸ்கேனருக்குக் குறையாது, வேகமும் அதிகம். மங்கலான பக்கம்தான் படம் உள்ள பக்கம், அது எதன் மேலும் உரசக் கூடாது. தகட்டை எப்போதும் இரண்டு கையால் ஓரத்தில் பிடியுங்கள். எடுத்தபின் தாளில் சுற்றி, புத்தகம் அடுக்குவது போல நிற்க வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடியில் உள்ளவை பாரம் தாங்காமல் விரிசல் விடும்.

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது. அவர்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள். உங்கள் பெட்டிகள் வீட்டுச் சொத்து மட்டும் அல்ல.

“ஸ்கேன் செய்து முடித்தபின் நெகட்டிவ்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா? பரணில் இருக்கும் சில ரோல்களில் புளித்த வாடை வருகிறது.” - மயிலாப்பூர் வாசகி

தூக்கிப் போடாதீர்கள் அம்மா. நாளைக்கு இதைவிட நல்ல கருவி வந்தால் மறுபடி எடுக்க நெகட்டிவ்தான் வேண்டும்.

அந்த வாடை வினிகர் வாடை. ஃபிலிமின் அடிப்படைப் பொருளான அசிடேட் சிதைந்து அசிட்டிக் அமிலம் கசிகிறது. சூடும் ஈரமும் சேர்ந்தால் இது விரைவாக நடக்கும், சென்னை வீட்டுப் பரணில் இரண்டுக்கும் குறைவே இல்லை. கசியும் அமிலம் சிதைவை மேலும் தூண்டும், பக்கத்தில் உள்ள நல்ல ஃபிலிமையும் பாதிக்கும். வாடை வருபவற்றை இன்றே தனிப் பெட்டிக்கு மாற்றிக் காற்றோட்டமாக வையுங்கள், ஸ்கேன் செய்வதையும் அவற்றிலிருந்தே தொடங்குங்கள். ஃபிலிம் சுருங்கி வரிவரியாக மடிப்பு விழுந்துவிட்டால் சட்டத்தில் மாட்டவே வராது.

1950-க்கு முந்தைய ஃபிலிம் இருந்தால் ஓரத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் சேஃப்டி என்று இருந்தால் அசிடேட். நைட்ரேட் என்று இருந்தால் அது எளிதில் தீப்பற்றும் பொருள், சமையலறை, பூஜை விளக்குப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

நல்ல நெகட்டிவ்களைப் பரணிலிருந்து இறக்கி, வெளிச்சுவரை ஒட்டாத பீரோவில் நடுத்தட்டில் வையுங்கள். பிவிசி உறை வேண்டாம், பாலிப்ரோப்பிலீன் உறையோ அமிலமில்லாத காகித உறையோ நல்லது. அந்துருண்டை போடாதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மணிகளின் நிறம் மாறியதும் சூடாக்கி ஈரத்தைப் போக்கிவிட்டு மறுபடி வையுங்கள், ஐப்பசி கார்த்திகையில் அடிக்கடி பாருங்கள். ஸ்கேன் செய்த ஃபைல்கள் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும். ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று மகள் வீட்டில்.

சுருக்கமாகச் சில பதில்கள்

அண்ணா நகர் வாசகருக்கு: நொடிக்கு ஒரு படம் இழுக்கும் எப்சன் ஃபாஸ்ட்ஃபோட்டோ எஃப்எஃப்-680டபிள்யூ, ஆல்பத்திலிருந்து கழற்றிய, நல்ல நிலையில் உள்ள கலர் பிரிண்டுகளுக்குச் சரி. மடிந்தது, கிழிந்தது, பின்னால் பசை ஒட்டியது எதையும் அதில் விடாதீர்கள். பசை உள்ளே ஒட்டினால் அடுத்து வரும் ஒவ்வொரு படத்திலும் கோடு விழும்.

குரோம்பேட்டை வாசகருக்கு: புது விண்டோஸில் உங்கள் பழைய ஸ்கேனருக்கு டிரைவர் கிடைக்கவில்லை என்பதற்காக அதை எடைக்குப் போடாதீர்கள். வியூஸ்கேன் என்ற மென்பொருளின் இலவச முன்னோட்டத்தை இறக்கிப் பாருங்கள். கம்பெனி கைவிட்ட ஆயிரக்கணக்கான ஸ்கேனர்களை அது ஓட்டும். உங்கள் மாடல் ஓடுகிறது என்று தெரிந்தபின் காசு கட்டலாம்.

கோடம்பாக்கம் வாசகருக்கு: 8 மிமீ சினிமா ஃபிலிமை இந்த ஸ்கேனர்கள் எதிலும் எடுக்க முடியாது. ஃபிரேம் ஃபிரேமாகப் பிடிக்கும் தனிக் கருவி உள்ளவரிடம் கொடுக்க வேண்டும். அதற்கு முன் பார்க்கும் ஆசையில் பழைய புரொஜெக்டரில் ஓட்டிவிடாதீர்கள். சுருங்கிய ஃபிலிமின் ஓட்டைகள் பல்சக்கரத்தில் பொருந்தாமல் வரிசையாகக் கிழியும்.